கனவுலகும் உடைமையுரிமையும்: 'அபடஸாட்' தொடர்நூல்கள் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

சிறுவருக்கும் கட்டிளமைப் பருவத்தினருக்குமென எழுதப்படும் அதீதக் கற்பனைக் கதைகள் இலக்கிய ஆய்வாளரின் கவனத்தைப் பெறுவது அரிதாகவே உள்ளது. அக்கதைகள் சித்திரக்கதை வடிவிலோ, சித்திரமும் உரைநடையும் கலந்த வடிவிலோ அமைந்துவிடின் அவற்றைப் பொருட்படுத்துவாரே இல்லை எனலாம். இப்புறக்கணிப்புக்கு ஒன்றுக்கொன்று முரணான இரு நிலைப்பாடுகள் காரணமாகின்றன. தூய அழகியலை வற்புறுத்துவோர் இவற்றைச் சந்தைச் சரக்கு என ஒதுக்குகின்றனர். முற்போக்காளருள் ஒரு சாரார் இவற்றை யதார்த்தத்தினின்றும் வாசகரைப் பிரித்தெடுக்கும் தப்பியோடல் இலக்கியம் என்று கூறி அமைதி கொள்கின்றனர். முன்னவர் சந்தையைக் கண்டதும் ஆராய்ச்சியை நிறுத்திக்கொள்கின்றனர். பின்னவர் கற்பனையைக் கண்டதும் நிறுத்திக்கொள்கின்றனர். ஆனால், ஆராய்ச்சி தொடங்க வேண்டிய இடங்களே இவை இரண்டும்.

வெகுசன வாசிப்புக்குரிய நூல் என்பதால் ஒன்றை ஆராயாது விடுதல் மார்க்ஸிய மரபன்று. பாரிஸ் பத்திரிகையொன்றில் 1842 முதல் 1843 வரை தொடராக வெளிவந்த இயூஜின் சூவின் 'பாரிஸ் மர்மங்கள்' என்னும் நாவலையும் அதற்கு எழுந்த பாராட்டுரைகளையும் மார்க்ஸ் 1845 இல் வெளியான 'புனிதக் குடும்பம்' நூலில் விரிவாக விமர்சித்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. அந்நாவல் மக்களால் பெரிதும் விரும்பி வாசிக்கப்பட்டமையே அதனை நுணுகி நோக்க வேண்டியதாக்கியது.

இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவில் 2004 ஆம் ஆண்டு சித்திரக்கதையாகத் தோன்றி, 2006 இல் உரைநடையும் சித்திரக்கதையும் கலந்த நூல் வரிசையாக உருமாறிய 'அபடஸாட்' என்னும் படைப்பை, குறிப்பாக அதன் தொடர்ச்சியாக வந்த இரண்டாவது நூலையும் அதற்குப் பின் நேர்ந்தவற்றையும் எடுத்துக்கொள்கிறது. இதன் ஆசிரியர் ஜே. எம். டிமட்டேயிஸ், ஓவியர் மைக் புளூக். முன்னவர் புரூக்ளினிற் பிறந்து நீண்டகாலமாகச் சித்திரக்கதைத் துறையில் எழுதி வருபவர். பின்னவர் 1970 களில் மார்வெல் நிறுவனத்துக்காகத் திகிற் கதைகளுக்கு வரைந்தவர். பின்னர் திரைப்படங்களுக்கான காட்சி வரைவாளராகவும் பணியாற்றியவர்.

1

முதலில் இப்படைப்பின் உற்பத்தி வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். அதனை முதன்முதல் வெளியிட்ட கிறொஸ்ஜென் என்னும் கம்பனி 1998 இல் புளோரிடா மாநிலத்தில் தொடங்கப்பட்டது. அமெரிக்கச் சித்திரக்கதைத் தொழிலில் எழுத்தாளரும் ஓவியரும் பெரும்பாலும் பக்கக் கணக்கில் ஊதியம் பெறும் உதிரித் தொழிலாளராகவே இருந்து வந்தனர். கிறொஸ்ஜென் அவர்களிற் பலரை ஒரே கட்டிடத்தில் அமர்த்தி மாதச் சம்பளம் வழங்கிற்று. இதனால் ஒருவகைப் பாதுகாப்பு ஏற்பட்டது உண்மையே. ஆயின் அக்கூரையின் கீழ் உருவானவற்றுட் பெரும்பாலானவற்றின் உரிமை கம்பனியிடமே இருந்தது. உதிரித் தொழிலாளி ஆலைத் தொழிலாளியாக மாறினான். தான் ஆக்கிய பொருளுக்கு உடைமையாளனாக மாறவில்லை.

2004 இல் 'அபடஸாட்' மூன்று இதழ்கள் வெளிவந்த அளவில், கம்பனி வங்குரோத்து நிலையை அடைந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் அதன் சொத்துக்களைச் சுமார் பத்து இலட்சம் டொலருக்கு டிஸ்னி நிறுவனம் கொள்வனவு செய்தது. அக்கொள்வனவுக்கு முதன்மைக் காரணமாக இருந்தது 'அபடஸாட்' மீது அந்நிறுவனத்துக்கு ஏற்பட்ட நாட்டமே எனப் பரவலாகக் கூறப்பட்டுள்ளது. மேசை, நாற்காலி, இயந்திரம் ஆகியவை கைமாறுவது போலவே ஒரு கற்பனை உலகமும், அதில் வாழும் மாந்தரும், இன்னும் எழுதப்படாத அவர்தம் எதிர்காலமும் கைமாறின. ஆக்கியோர் இருவரும் 'அபடஸாட்' உலகினுள் தொடர்ந்து உழைக்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. ஆனால் அது புதிய உடைமையாளரின் இசைவில் தங்கியிருந்தது.

டிஸ்னியின் நூல் வெளியீட்டுப் பிரிவான ஹைப்பீரியன் 2006 இல் 'எண்ணவொண்ணாமைக்குச் செல்லும் பாதை', 'கனவுத் திருடன்' எனப் பொருள்படும் தலைப்புகளுடன் முதலிரு நூல்களையும் வெளியிட்டது. மூன்றாவது நூல் பிரித்தானியாவில் மட்டும் 2007 இல் வெளிவந்தது. கதையை முடித்துவைக்க வேண்டிய நான்காவது நூல் வெளிவரவேயில்லை.

2

கதை வருமாறு. புரூக்ளினில் தாயுடன் வாழும் பதினான்கு வயதுச் சிறுமி கேற். ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் அவளது தம்பி மெற் தெருச் சந்தைக் கொண்டாட்டமொன்றின்போது காணாமற் போய்விட்டான். அவனைக் கவனித்துக்கொள்ள வேண்டியவளாக இருந்த கேற், அக்குற்ற உணர்வு முற்றிச் சினமாக உறைந்துபோன நிலையிலே எமக்கு அறிமுகமாகிறாள். ஒரு காலத்தில் அவள் தம்பிக்கு உரத்து வாசித்துக் காட்டியவை 'அபடஸாட்' என்னும் மாய நாட்டைப் பற்றிய பழைய சிறுவர் நூல்கள். ஃபிராங்க்ளின் டேவிஸ் என்னும் கற்பனை ஆசிரியர் அவற்றை எழுதியதாகக் கதை கூறுகிறது. அவற்றின் நாயகி 'சின்ன மார்த்தா'. அயலில் வாழும் திருமதி வோன் என்னும் முதிய பெண், அந்நாடு உண்மையாகவே உள்ளதென்றும், மெற் அங்கேதான் சிறைப்பட்டுள்ளானென்றும், தானே அந்த மார்த்தா என்றும் கேற்றிடம் கூறுகிறார். நம்ப மறுத்த கேற் ஈற்றில் அங்கு சென்றடைகிறாள். இரண்டாவது நூல் அந்நாட்டில் அவள் மேற்கொள்ளும் தேடலை விவரிக்கிறது. சிறுவர்களைக் கவர்ந்து செல்லும் நெட்டையன் என்னும் கொடியவனை நோக்கி நகர்கிறது.

இக்கதையை நூல் மூன்று வேறுபட்ட மொழிகளிற் கூறுகிறது. முதலாவது, கேற் எழுதும் நாட்குறிப்பு. இது உரைநடை. அவளது ஏளனமும் தயக்கமும் அழுகையும் இதிற் பேசுகின்றன. இரண்டாவது, டேவிஸ் எழுதியதாகக் கூறப்படும் பழைய நூல்களின் பகுதிகள். இவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கால, இருபதாம் நூற்றாண்டின் தொடக்ககாலச் சிறுவர் நூல்களின் இனிமை ததும்பும் நடையைப் பின்பற்றுவன. மூன்றாவது, புளூக்கின் சித்திரக்கதைப் பக்கங்கள். இவற்றில் நிகழ்ச்சி எவர் வாயிலாகவும் உரைக்கப்படாமல் வாசகரின் கண்முன் நிகழ்கிறது.

சித்திரக்கதையும் உரைநடையும் காலத்தைக் கையாளும் முறையில் வேறுபடுவன. சித்திரக்கதையில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையேயுள்ள வெற்றிடத்தில் காலம் நகர்கிறது. அவ்வெற்றிடத்தை நிரப்புவது வாசகரின் உழைப்பு. ஓங்கிய கை ஒரு கட்டத்திலும் வீழ்ந்த உடல் மறு கட்டத்திலும் இருக்க, அடி விழுந்த கணத்தை வாசகரே உருவாக்கிக் கொள்கிறார். உரைநடையோ நினைவுக்கும் தயக்கத்துக்கும் மீள்நோக்குக்கும் இடமளிப்பது. ஐந்து ஆண்டுக்காலக் குற்ற உணர்வை ஒரு கட்டத்தினுள் வரைந்துவிட முடியாது. ஆனால் ஒரு பந்தியிற் கூறிவிடலாம். எனவே உட்காலத்தை உரைநடையும் புறநிகழ்வைச் சித்திரமும் ஏற்றுக்கொள்வது இயல்பான தொழிற்பிரிவாக அமைகிறது.

இதனை ஆசிரியரின் கலைத்திறனாக மட்டும் கண்டு திருப்தியடைதல் உருவவாதிகளின் வழக்கம். இக்கலப்பு வடிவம் வந்துசேர்ந்த வழி வேறு. அமெரிக்காவில் 1970 களிலிருந்து சித்திரக்கதை இதழ்களின் விற்பனை பத்திரிகைக் கடைகளை விட்டுச் சித்திரக்கதைக்கென்றே அமைந்த சிறப்புக் கடைகளுக்குள் ஒடுங்கலாயிற்று. அக்கடைகளுக்குச் செல்வோருட் பெரும்பாலோர் சிறுவருமல்லர், சிறுமியருமல்லர். மறுபுறம் சிறுவர் நூல்கள் புத்தகக் கடைகளுக்கும் நூலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் செல்கின்றன. சித்திரக்கதை இதழாகப் பிறந்ததொன்றை நூல் வெளியீட்டகம் ஏற்றபோது அது நாட்குறிப்பு நூலாக உருமாறியமைக்கு இவ்விநியோக முறையின் வேறுபாடு ஏதுவாயிற்று எனக் கருத இடமுண்டு. எனினும் சந்தை வடிவத்தை நேரடியாக நிர்ணயித்துவிட்டது என்று கூறின் அது வரட்டுவாதமாகும். சந்தை ஒரு கதவைத் திறந்தது. அதனூடாக எதனைக் கொண்டு சென்றனர் என்பது கலைஞரைப் பொறுத்தது. இவர்கள் கொண்டு சென்றது யாது என்பதை அடுத்து நோக்குவோம்.

3

டேவிஸின் நூல்களில் சின்ன மார்த்தா வெள்ளையினச் சிறுமி. தன்னை மார்த்தா என அறிமுகப்படுத்தும் திருமதி வோனோ கறுப்பினப் பெண். நூலில் உள்ளதையே உண்மையாகக் கொண்டு வளர்ந்த கேற்றின் கண்ணுக்கு அம்முதிய பெண்ணின் கூற்று அபத்தமாகப் படுகிறது. அவள் நம்ப மறுப்பது மாய நாட்டை மட்டுமன்று. ஒரு கறுப்பினச் சிறுமி அத்தகைய கதையின் நாயகியாக இருந்திருக்க முடியும் என்பதையுந்தான். வாசிப்பு அவளுக்குக் கற்பித்த பாடம் அது. அச்சிறுமியின் அனுபவத்தை எடுத்துக்கொண்ட ஆசிரியர் அவளது நிறத்தை மாற்றிச் சந்தைக்கு ஏற்ற நாயகியாக்கினார். அனுபவம் ஒருவருடையது, புகழும் பயனும் வேறொருவருடையவை, உருவமோ இருவருடையதுமன்று.

இங்கு கருத்துநிலை என்பது யாது என்பதைச் சிறுவர் நூலொன்று மிகத் தெளிவாக விளக்கிவிடுகிறது. கருத்துநிலை வெறும் பொய்யன்று. டேவிஸின் நூல்கள் கூறிய நாடு உள்ளது. அதன் மாந்தர் உள்ளனர். ஆனால் கூறப்பட்ட முறையில் எவர் நீக்கப்பட்டனர், எது மென்மையாக்கப்பட்டது என்பதிலேயே அதன் தொழிற்பாடு அடங்கியுள்ளது. கேற் அந்நாட்டினுள் நடக்கும்போது நூலிற் கண்டதற்கும் நேரிற் காண்பதற்கும் உள்ள வேறுபாட்டை மீண்டும் மீண்டும் எதிர்கொள்கிறாள். பழைய நூலின் இனிய பக்கமும் கேற்றின் நாட்குறிப்பும் சித்திரப் பக்கமும் அருகருகே வைக்கப்படும்போது, ஒன்று மற்றொன்றைத் திருத்துகிறது, கேள்விக்குள்ளாக்குகிறது. கலப்பு வடிவம் இவ்விடத்தில் அலங்காரமாக நின்றுவிடாமல் விமர்சனக் கருவியாகிறது. அச்சிட்ட நூலையும் ஐயத்துடன் வாசிக்க வேண்டும் என்பதை இளம் வாசகர் போதனையாலன்றி வாசிப்பினாலேயே அறிந்துகொள்கின்றனர்.

இத்தகைய மாற்றம் கற்பனை நூலில் மட்டும் நிகழ்ந்ததன்று. லூயிஸ் கரோலின் நூல்களுக்குத் தூண்டுகோலான அலிஸ் லிடல் குட்டையாக வெட்டிய கருங்கூந்தல் கொண்ட சிறுமி. ஜோன் டெனியல் வரைந்த, உலகம் அறிந்த அலிஸ் நீண்ட பொன்னிறக் கூந்தலையுடையவள். 1871 இன் இறுதியில் வெளியான தொடர்நூலிலும் அவ்வுருவமே நிலைத்தது. பிற்காலத்தில் கணவரை இழந்து பணத்தேவைக்கு உள்ளான அலிஸ், கரோல் தமக்குப் பரிசளித்த கையெழுத்துப் பிரதியை 1928 இல் ஏலத்தில் விற்க நேர்ந்தது. கதையினால் அவருக்கு எஞ்சியிருந்த உடைமைகளுள் அதுவும் ஒன்றாகும்.

4

டேவிஸின் நூல்கள் என்ற கற்பனைக்குப் பின்னாலுள்ள முன்மாதிரிகளுள் முதன்மையானது ஃபிராங்க் போமின் 'ஒஸ்' நூல் வரிசையாகும். அதன் வரலாறும் 'அபடஸாட்டின்' வரலாறும் ஒன்றையொன்று நினைவூட்டுவன.

'ஒஸ்ஸின் அற்புத மந்திரவாதி' 1900 இல் சிக்காகோவில் வெளிவந்தது. அதன் பதிப்புரிமையில் எழுதிய போமும் வரைந்த டென்ஸ்லோவும் பங்குகொண்டிருந்தனர். அதனை வெளியிட்ட கம்பனி 1902 இல் வங்குரோத்தடைய, நூல் வேறொரு வெளியீட்டாளரின் கைக்கு மாறியது. அதே ஆண்டில் அரங்கேறிய இசை நாடகம் பெருவெற்றி பெற்றது. அதன் வருமானப் பங்கு பற்றிய பிணக்கு ஆசிரியரையும் ஓவியரையும் பிரித்தது. 1904 இல் போம் தொடர்நூலை எழுதியபோது படம் வரைந்தவர் ஜோன் நீல் என்னும் வேறொருவர். அந்நூல் மேடையில் வைக்கோல் மனிதனாகவும் தகர மனிதனாகவும் நடித்துப் புகழ்பெற்ற நடிகர் இருவருக்கும் சமர்ப்பணம் செய்யப்பட்டது. முதல் நூலின் நாயகியான டொரத்தி இதில் இல்லை. மேடையில் வென்ற அவ்விரு பாத்திரங்களுக்கும் முக்கிய இடம் கிடைத்தது. தொடர்நூல் முதல் நூலுக்கு மட்டுமன்றிச் சந்தையில் வெற்றிபெற்ற நாடகத்துக்கும் தொடர்ச்சியாக அமைந்தமை மனங்கொள்ளத்தக்கது.

அந்நூலைப் பிரபலப்படுத்தும் வகையில் 1904 ஓகஸ்ட் முதல் 1905 பெப்ரவரி வரை போமின் கதையும் வோல்ற் மக்டூகலின் சித்திரங்களும் கொண்ட பக்கங்கள் பத்திரிகைகளில் வெளியாயின. ஒஸ் நாட்டினர் ஐக்கிய அமெரிக்காவுக்கு வருவதை அவை கூறின. உரிமையிற் பங்குடைய டென்ஸ்லோவும் அதே காலத்தில் அதே வைக்கோல் மனிதனையும் தகர மனிதனையும் கொண்டு தனியாக ஒரு சித்திரப் பக்கத்தை வெளியிட்டார். ஒரே மாந்தர், இரு உடைமையாளர், இரு போட்டிப் பண்டங்கள் என்ற நிலை உருவாயிற்று.

1908 இல் போம் திரைப்படம், வண்ணம் தீட்டிய கண்ணாடிப் படங்கள், நடிகர்கள், நேரடி உரை ஆகியவை கலந்த பெருங்காட்சியொன்றை நடத்தினார். அதன் செலவு அவரைக் கடனில் ஆழ்த்தியது. 1910 இல் ஒஸ் வரிசையை முடித்துவிட முயன்றவர், 1911 இல் வங்குரோத்தானார். முன்னைய நூல்கள் பலவற்றின் வருமானமும் கடன்காரரைச் சென்றடைந்தது. 1913 இல் மீண்டும் ஒஸ்ஸுக்குத் திரும்பினார். 1919 இல் அவர் மறைந்த பின்னரும் 1921 முதல் வேறொருவர் அவ்வரிசையைத் தொடர்ந்து எழுதினார். ஆசிரியன் விரும்பிய போது கதை முடியவில்லை. அவன் இறந்தபோதும் முடியவில்லை. 'அபடஸாட்டின்' விடயத்தில் நேர்ந்தது இதன் மறுபக்கம். ஆக்கியோர் முடிக்க விரும்பிய கதை முடிக்கப்படவில்லை. இரு நிலைகளிலும் முடிவைத் தீர்மானித்தது கதையின் உட்தேவையன்று.

போம் பற்றி மற்றொன்றும் கூறுதல் அவசியம். அன்பும் கருணையும் நிறைந்த அதிசய நாட்டைப் படைத்த அதே மனிதர், 1890 டிசம்பரிலும் 1891 ஜனவரியிலும் தாம் நடத்திய அபர்டீன் நகரப் பத்திரிகையில், அமெரிக்க ஆதிக்குடிகளை முற்றாக ஒழித்துவிட வேண்டுமென ஆசிரியத் தலையங்கங்கள் எழுதியவர். அதிசய நாடுகளின் எல்லைக்குள் எவர் அனுமதிக்கப்பட்டனர் என்ற வினா வெளியிலிருந்து நாம் திணிப்பதன்று. அந்நூல்களின் தோற்றத்துடனேயே பிறந்தது. சின்ன மார்த்தாவின் நிறமாற்றத்தைக் கதையின் மையத்தில் வைத்தமையால் 'அபடஸாட்' தான் பிறந்த மரபையே விசாரணைக்கு உட்படுத்துகிறது.

5

டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட நூலொன்றில் இத்தகைய விமர்சனம் இடம்பெற்றமை முரணாகத் தோன்றலாம். அரியேல் டோர்ஃப்மனும் ஆர்மண்ட் மத்தலாரும் 1971 இல் சிலி நாட்டில் வெளியிட்ட, டொனால்ட் டக் சித்திரக்கதைகள் பற்றிய நூல், அக்கதைகளில் உழைப்பே இல்லாது செல்வம் தோன்றுவதையும், பெற்றோரே இல்லாது மாமன் மருமக்கள் மட்டும் உலவுவதையும் எடுத்துக்காட்டியது. 1973 இன் இராணுவச் சதிக்குப் பின்னர் அந்நூல் தீக்கிரையாக்கப்பட்டது. அவ்வாய்வு இன்றும் பயனுடையது. எனினும் அக்கதைகளை வரைந்தோரும் உழைப்பாளரே என்பது மேலும் வற்புறுத்தப்பட வேண்டிய உண்மையாகும். வாத்துக் கதைகளை வரைந்த மேதையான கார்ல் பார்க்ஸ் 1940 களின் தொடக்கத்திலிருந்து 1966 வரை ஏறத்தாழ முழுக்காலமும் தம் பெயர் அச்சிடப்படாமலே உழைத்தார். உழைப்பு மறைக்கப்பட்டது கதைக்குள் மட்டுமன்று; அதன் முகப்பிலுமாகும்.

டிமட்டேயிஸ், புளூக் ஆகியோரின் பெயர்கள் முகப்பில் உள்ளன. அது பல தசாப்தப் போராட்டங்களின் பேறு. ஆனால் பெயர் வேறு, உடைமை வேறு. 'அபடஸாட்டின்' எதிர்காலம் தெளிவற்றிருந்த காலத்தில், 2005 இல், இவ்விருவரும் இணைந்து 'நட்சத்திரத் துகட் சிறுவன்' எனப் பொருள்படும் மற்றொரு சித்திரக்கதையைத் தமது உரிமையிலேயே வெளியிட்டனர். அனுபவம் கற்பித்த பாடத்துக்கு அளிக்கப்பட்ட செயல்வடிவ விடை அதுவாகும். டிஸ்னி 2009 இல் மார்வெல் நிறுவனத்தைக் கொள்வனவு செய்ய உடன்பட்டது. 2011 இல் மார்வெல் பழைய கிறொஸ்ஜென் தலைப்புகள் சிலவற்றுக்குப் புத்துயிர் அளிக்க முற்பட்டது. 'அபடஸாட்' அவற்றுள் இடம்பெறவில்லை.

இந்நிலையில் இரண்டாவது நூலின் தலைப்பு புதியதொரு பொருளைப் பெறுகிறது. சிறுவரின் கனவைக் கவர்பவனே கதையிற் கொடியவன். சிறுவருக்கெனக் கனவு காண்போரின் உழைப்பைச் சொத்தாக்கி, பயன்படுமாயின் வெளியிட்டும் பயன்படாதாயின் பூட்டிவைத்தும் விடுகின்ற உடைமை முறைக்கு இதனைவிடப் பொருத்தமான உருவகம் அமைதல் அரிது. இது ஆசிரியரின் நோக்கமாக இருந்தது என நாம் வாதிக்கவில்லை. தனிமனித நோக்கத்தைக் கடந்து, உற்பத்தி உறவுகள் படைப்பினுள் தமது சாயலைப் பதித்துச் செல்லும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும். அந்நிறுவனத்தில் தீயவர் இருந்தனர் என்பதும் நமது கருத்தன்று. அங்குள்ளோர் இப்படைப்பை விரும்பியமையாலேயே அது நூலுருப் பெற்றது. விருப்பம் இருந்தும் முடிவு எட்டப்படாமையே சிந்திக்க வேண்டியது.

6

அதீதக் கற்பனை தன்னளவில் முற்போக்கானதோ பிற்போக்கானதோ அன்று. இயற்கையை உண்மையில் வெல்ல முடியாத காலத்து மனிதர் அதனைக் கற்பனையில் வென்றமையே புராணம் என மார்க்ஸ் விளக்கினார். இன்றைய இளையோர் எதிர்கொள்ளும் வெல்லவொண்ணா ஆற்றல்கள் இயற்கையினும் சமூகத்திலேயே மிகுதியாக உள்ளன. பெருநகரமொன்றிற் காணாமற் போன தம்பி, அவனைத் தேடும் வலிமையற்ற தமக்கை, கூறுவது நம்பப்படாத முதிய கறுப்பினப் பெண் ஆகியோர் மாய நாட்டினரல்லர். மாய நாடு அவர்களின் வலியைப் பேசுவதற்குக் கிடைத்த மொழி. அம்மொழியைத் தப்பியோடல் என ஒதுக்குவோர் அவ்வலியையும் சேர்த்தே ஒதுக்குகின்றனர்.

நூலை வாசித்த சிறுமியொருத்தியின் நிலையிலிருந்து நோக்கின் நடந்தது மிக எளியது. காணாமற் போனவனை மீட்பதாக ஒரு கதை அவளுக்கு வாக்களித்தது. இரண்டாவது நூல் அவ்வாக்கைப் புதுப்பித்தது. பின்னர் அது நிறைவேற்றப்படவில்லை; அதனை நிறைவேற்றக்கூடிய இருவரும் அக்கதையின் உடைமையாளராக இருக்கவில்லை. தொடர்நூல் என்பது வாசகருடன் செய்துகொள்ளும் உடன்படிக்கை. அவ்வுடன்படிக்கையிற் கையொப்பமிடுபவர் எழுத்தாளர். அதனை முறிக்கும் அதிகாரமோ உடைமையாளருக்குரியது. இம்முரண்பாடு தீராதவரை முடிவுறாத கதைகள் தொடர்ந்தும் தோன்றிக்கொண்டேயிருக்கும். அவற்றின் குறை கற்பனையினுடையதன்று என்பதை எடுத்துரைப்பது விமர்சகரின் கடமையாகும்.